நீல நட்சத்திரங்களின் ரசாயன வாக்குமூலம்

ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே வருடம். எல்லோருக்கும் எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது. குரூப் போட்டோ எடுக்கிறார்கள். நரைத்த தலைகளுக்கு நடுவில் ஒருவர் மட்டும் இருபத்தைந்து வயது வாலிபர் போல நிற்கிறார். யார் அவர்? தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்த பேரனா? டை அடித்திருக்கிறாரா? அல்லது நிஜமாகவே ஏதோ விபரீதம் நடந்திருக்கிறதா?

வானியலில் இந்த போட்டோ 1953-இல் வெளிவந்தது. எடுத்தவர் ஆலன் சாண்டேஜ். அவர் ஆராய்ந்தது எம் 3 என்ற கோளக் கொத்து. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரு பந்து போலத் திரண்டிருக்கும் கூட்டம். இவை எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை. வயது ஆயிரம் கோடி வருடங்களுக்கும் மேல். அவற்றின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனபோது, இருக்கவே கூடாத இடத்தில் சில புள்ளிகள் விழுந்தன. நீல நிறம், அதிகப் பிரகாசம். அதாவது இளமை!

நீலம் என்றால் ஏன் இளமை? நட்சத்திரத்தின் ஆயுளை அதன் எடைதான் தீர்மானிக்கிறது. ஆனால் நாம் நினைப்பதற்கு நேர் எதிராக. டி.வி.எஸ். 50-இன் டாங்கில் கொஞ்சம்தான் பெட்ரோல் பிடிக்கும், ஆனால் அது துளித்துளியாகக் குடித்து நாள் கணக்கில் ஓடும். லாரிக்குப் பெரிய டாங்க், ஆனால் இன்ஜின் மடமடவென்று குடித்துத் தீர்த்துவிடும். எடை கூடிய நட்சத்திரம் லாரி மாதிரி. சூடாக, நீலமாக, பிரகாசமாக எரிந்து சீக்கிரம் முடிந்துபோகும். சூரியனைப் போன்ற நட்சத்திரம் சுமார் ஆயிரம் கோடி வருடம் தாக்குப்பிடிக்கும். அதைப் போல ஒன்றரை மடங்கு எடை இருந்தால் முந்நூறு கோடி வருடத்துக்குள் கதை முடிந்துவிடும். ஆகவே ஆயிரம் கோடி வயதைத் தாண்டிய கொத்தில் நீல நட்சத்திரங்கள் எல்லாம் எப்போதோ செத்துப் போயிருக்க வேண்டும். சாண்டேஜ் பார்த்தவை சாகவில்லை. அவற்றுக்கு ப்ளூ ஸ்ட்ராக்ளர் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மந்தையோடு போகாமல் பின்தங்கி வரும் ஆட்டுக்குச் சொல்கிற பெயர். (பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.)

எப்படி இளமை வந்தது என்பதற்கு முக்கியமாக இரண்டு கதைகள் உண்டு. முதல் கதை 1964-இல் மெக்ரே சொன்னது. இரட்டை நட்சத்திரம் ஒன்று. மூத்தது வயதாகி ஊதிப் பெருக்கிறது. பக்கத்தில் இருக்கும் இளையது அதன் வாயுவை இழுத்துக் குடிக்கிறது. எடை ஏறுகிறது. புது எரிபொருள் கிடைத்ததால் மறுபடியும் இளமை. இரண்டாவது கதை 1976-இல் ஹில்ஸ், டே இருவரும் முன்வைத்தது. கொத்தின் மையத்தில் நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இரண்டு நேருக்கு நேர் மோதி ஒன்றாகிவிடுகின்றன. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அடர்த்தியான ஒரு கொத்தின் நடுவில் அதே தூரத்துக்குள் பல்லாயிரக்கணக்கான நட்சத்திரங்கள் இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் இடிபடாமல் நடக்க முடியுமா?

பத்திரிகைகளுக்கு இந்த இரண்டு கதைகளும் வெல்லக்கட்டி. முதலாவதற்கு 'ரத்தக்காட்டேரி நட்சத்திரங்கள்', இரண்டாவதற்கு 'மோதிக்கொள்ளும் சூரியன்கள்'. வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தத் தலைப்பு எங்காவது வந்துவிடுகிறது. தலைப்பில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் கேஸ் முடிந்துவிட்டது போல எழுதுவதுதான் தவறு. கேஸ் முடியவில்லை. அது ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையிலேயே சுவாரஸ்யமான பகுதி.

எடை போட்டுப் பார்த்தால் தெரியாதா? போட்டார்கள். 1997-இல் ஷாரா குழுவினர் ஹபிள் தொலைநோக்கி மூலம் 47 டுகானே கொத்தின் மையத்தில் இருந்த ஒரு நீல நட்சத்திரத்தின் எடையைக் கணக்கிட்டார்கள். சூரியனைப் போல சுமார் 1.7 மடங்கு. அந்தக் கொத்தில் இன்னும் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும் சாதாரண நட்சத்திரங்களின் உச்ச எடையே கிட்டத்தட்ட 0.9 தான். ஆக, ஒன்றுக்குள் இரண்டு நட்சத்திரத்தின் சரக்கு இருக்கிறது என்பது உறுதியானது. ஆனால் அந்தச் சரக்கு குடித்து வந்ததா, மோதி வந்ததா? தராசு அதைச் சொல்லாது. தங்கக் கட்டியை எடை போட்டால் அது திருடியதா, சீதனமா என்று தெரியுமா என்ன?

இங்கேதான் ரசாயனம் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது.

நட்சத்திரத்தின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதற்கு ஒரு வழி, கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றையும் வினையூக்கியாக வைத்துக்கொண்டு நடக்கும் சுழற்சி. இந்தச் சுழற்சி ஓடிய இடத்தில் கார்பன் குறையும், நைட்ரஜன் கூடும். வெப்பம் போதுமானால் ஆக்ஸிஜனும் குறையும். இதெல்லாம் உள்ளே ஆழத்தில் நடக்கிற சமையல். வெளித்தோலில் இதன் வாசனைகூட வராது.

இப்போது ஒரு நட்சத்திரம் இன்னொன்றைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெங்காயம் உரிக்கிற மாதிரி முதலில் வெளித்தோல் வரும், பிறகு அடுத்த அடுக்கு, கடைசியில் உள்பகுதி. குடிக்கிற நட்சத்திரத்தின் மேல் இவை வந்து படியும் வரிசையும் அதுதான். கடைசியாக வந்தது எல்லாவற்றுக்கும் மேலே. ஆக, சமைக்கப்பட்ட உள்சரக்கு, கார்பனும் ஆக்ஸிஜனும் குறைந்த சரக்கு, குடித்த நட்சத்திரத்தின் முகத்திலேயே பூசப்பட்டிருக்கும். வெண்ணெய் திருடிய கண்ணன் வாயைத் துடைக்க மறந்த கதை.

மோதலில் இப்படி நடக்காது. 1990-களின் நடுவில் லொம்பார்டி, ரேசியோ, ஷபீரோ ஆகியோர் கம்ப்யூட்டரில் நட்சத்திரங்களை மோதவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் மிக்ஸியில் போட்ட மாதிரி கலந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். கலக்கவில்லை! இரண்டின் மையச் சரக்கும் நேராகப் புது நட்சத்திரத்தின் அடிக்குப் போய்விட்டது. வெளித்தோல் வெளித்தோலாகவே மிதந்தது. அதனால் மோதிப் பிறந்த நட்சத்திரத்தின் முகத்தில் சாதாரண அளவு கார்பனும் ஆக்ஸிஜனும் இருக்க வேண்டும்.

அற்புதமான பரிசோதனை, இல்லையா? முகத்தில் கார்பன் குறைவாக இருந்தால் குடித்தது. சாதாரணமாக இருந்தால் மோதியது. அப்படித்தான் தோன்றும்.

2006-இல் ஃபெராரோ தலைமையிலான குழு இந்தச் சோதனையைச் செய்தது. இடம் அதே 47 டுகானே. சுமார் 15,000 ஒளியாண்டு தூரத்தில், தென்வானில் வெறுங்கண்ணுக்கே மங்கலான ஒரு பொட்டாகத் தெரியும் கொத்து. (கன்னியாகுமரியில் நின்றால்கூட தெற்கு அடிவானத்துக்கு மேலே சுமார் 10 டிகிரிதான் ஏறும். கடல் மூட்டம் விட்டால் உண்டு.) கருவி, சிலி நாட்டின் பரனல் மலையில் உள்ள 8.2 மீட்டர் வி.எல்.டி. தொலைநோக்கி. 43 ப்ளூ ஸ்ட்ராக்ளர்களின் ஒளியைப் பிரித்து கார்பனையும் ஆக்ஸிஜனையும் அளந்தார்கள். பெரும்பாலானவை சாதாரணம். ஆனால் 6 நட்சத்திரங்களில் இரண்டுமே தெளிவாகக் குறைந்திருந்தன. ஒரு கோளக் கொத்தில் ஒரு ப்ளூ ஸ்ட்ராக்ளர் எந்த வழியில் உருவானது என்பதற்கு ரசாயனத் தடயம் கிடைத்தது அதுவே முதல் முறை.

இதைப் படித்தவுடன் கைவிரல் தானாகவே கால்குலேட்டருக்குப் போகும். 43-இல் 6, அதாவது 14 சதவீதம். ஆகவே 47 டுகானேயில் 14 சதவீதம் குடித்துப் பிறந்தவை, மீதி 86 சதவீதம் மோதிப் பிறந்தவை. க்விஸ் போட்டிக்கு ரெடி!

இந்தக் கணக்கு தவறு. சின்னத் தவறு அல்ல, அடிப்படையே தவறு. ரசாயன சாட்சி ஒரு பக்கம்தான் பேசும். கார்பனும் ஆக்ஸிஜனும் குறைந்திருந்தால் 'ஆமாம், குடித்தது' என்று சொல்லும். குறையாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தை 'குடிக்கவில்லை' என்று எழுதிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. காரணம், துடைத்துக்கொள்ள நட்சத்திரத்துக்கு நிறைய வழி இருக்கிறது. குடித்த உள்சரக்கில் ஹீலியம் அதிகம், எனவே கனம். கனமான சரக்கு மேலே ரொம்ப நாள் உட்கார்ந்திருக்காது. மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் கலந்து தடயம் நீர்த்துவிடும். அந்த ஆறும் அண்மையில் குடித்தவையாக இருக்கலாம், மற்றவை குடித்துப் பல கோடி வருடம் ஆகி முகம் கழுவியவையாக இருக்கலாம். இந்தக் குறைவு ஒரு தற்காலிகக் கட்டமாக இருக்கக்கூடும் என்பதை அந்தக் குழுவே சொல்லியிருந்தது. செய்தியாக மாறும்போதுதான் இந்த வாக்கியம் முதலில் வெட்டப்படும்.

இன்னொன்றும் இருக்கிறது. குடிக்கும் வேலை பாதியில் நின்றுபோனால்? வெளித்தோல் மட்டும் வந்து சேர்ந்து, சமைத்த சரக்கு வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டால் முகத்தில் எந்தத் தடயமும் இருக்காது. குடித்ததோ உண்மை.

2010-இல் எம் 4 கொத்தில் இந்தச் சிக்கல் நன்றாகவே வெளிப்பட்டது. அங்கே 20 ப்ளூ ஸ்ட்ராக்ளர்களை லொவிசி குழு ஆராய்ந்தது. கார்பனையும் ஆக்ஸிஜனையும் அளக்க முடிந்த 14-இல் ஒன்றில்கூடக் குறைவு இல்லை. பூஜ்யம்! ஆனால் வேறொரு அதிசயம் தெரிந்தது. அந்த இருபதில் சுமார் 40 சதவீதம் நொடிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகத் தன்னைத்தானே சுற்றின. 47 டுகானேயில் பெரும்பாலானவை மெதுவாகச் சுற்றுபவை. வேகச் சுழற்சியைக் குடித்ததாலும் விளக்கலாம், மோதியதாலும் விளக்கலாம். இரண்டு கதையிலும் பிறக்கும்போது வேகம் உண்டு. பிறகு எது பிரேக் போடுகிறது, எவ்வளவு நேரத்தில் போடுகிறது என்பதில்தான் வழக்கு. பரமக்குடிக்குப் போகிற பஸ்ஸும் சிவகங்கைக்குப் போகிற பஸ்ஸும் மானாமதுரையில் ஒன்றாக நிற்கிற மாதிரி. எது எங்கே போகிறது என்பது நிற்கும் இடத்தைப் பார்த்தால் தெரியாது.

சாட்சியைக் கெடுக்கிறவர்கள் வேறு சிலரும் உண்டு. சுமார் 8000 கெல்வினுக்கு மேல் சூடாக இருக்கும் ப்ளூ ஸ்ட்ராக்ளர்களில், ஒளியின் அழுத்தமே சில தனிமங்களை மேலே தூக்கிவிடுகிறது. முகத்தில் இரும்பு திடீரென்று அதிகமாகத் தெரியும். அது பிறப்பின் அடையாளம் அல்ல, மேக்கப். எம் 30 கொத்தில் 2009-இல் ஃபெராரோ குழு ஹபிள் படத்தில் இரண்டு தனித்தனி வரிசைகளைக் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. நீல வரிசை மோதல், சிவப்பு வரிசை குடித்தல், இரண்டும் ஒரே கொத்தில். அழகான முடிவு. அதை ரசாயனத்தால் உறுதி செய்யப் போனபோது இந்த மேக்கப் பிரச்சினைதான் குறுக்கே வந்து நின்றது. போதாததற்கு, கோளக் கொத்துகளில் சாதாரண நட்சத்திரங்களிலேயே ஆக்ஸிஜன் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒப்பிட வைத்திருக்கும் அளவுகோலே நெளிகிறது என்றால் தீர்ப்பு எழுதுகிறவர் என்ன செய்வார்?

அப்படியானால் ரசாயனத்தை நம்பவே கூடாதா? நம்ப வேண்டும். ஆனால் தனி சாட்சியாக இல்லை. இதை அழகாகச் செய்து காட்டியது புகழ்பெற்ற கோளக் கொத்துகள் அல்ல, அதிகம் பேசப்படாத திறந்த கொத்துகள். சில ஆயிரம் நட்சத்திரங்கள்தான், நெரிசல் இல்லை, ஒவ்வொன்றாக நின்று விசாரிக்கலாம்.

என்ஜிசி 188 என்பது அப்படி ஒரு கொத்து. துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், வயது சுமார் 700 கோடி வருடம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாத்தியூ, கெல்லர் இருவரும் அரிசோனாவில் உள்ள 3.5 மீட்டர் வின் தொலைநோக்கியில் அதன் நட்சத்திரங்களின் வேகத்தை வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள். 2009-இல் வந்த முடிவு: 21 ப்ளூ ஸ்ட்ராக்ளர்களில் 16 இரட்டைகள். கொத்தின் சாதாரண நட்சத்திரங்களில் இந்த விகிதம் இதைவிட மிகக் குறைவு. 2011-இல் அடுத்த படி. பல இரட்டைகளின் சுற்றுக்காலம் ஆயிரம் நாள் அளவு, கண்ணுக்குத் தெரியாத துணையின் எடை சூரியனில் பாதி. சூரியனில் பாதி எடை, ஒளி இல்லை என்றால் அது யார்? சாறு முழுவதும் பிழியப்பட்ட சக்கை, அதாவது வெள்ளைக் குள்ளன். பிறகு 2014-இல் ஹபிள் தொலைநோக்கியின் புறஊதாப் பார்வையில் அந்தச் சக்கைகளில் சில நேரடியாகவே பிடிபட்டன. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியும் என்ஜிசி 188-ஐப் பார்த்தது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் மையத்தின் அன்னபூரணி சுப்பிரமணியம் குழு, 2016-இல் அங்கே ஒரு ப்ளூ ஸ்ட்ராக்ளருக்குப் பக்கத்தில் இன்னும் முழுதாகக் குளிராத சூடான துணை இருப்பதை வெளியிட்டது. குடித்த ஆளும் குடிக்கப்பட்ட ஆளும் ஒரே ஃபிரேமில்!

இதில் எதுவும் ஒரு ராத்திரியில் கிடைக்கவில்லை. அதே நட்சத்திரங்களை, அதே தொலைநோக்கியில், திரும்பத் திரும்ப. போட்டோ அழகாக வராது, தலைப்புச் செய்தி ஆகாது. பெரிய தொலைநோக்கிகளில் நேரம் பிரித்துக் கொடுக்கும்போது இந்த மாதிரி வேலைக்குக் கை சுருங்கிவிடக் கூடாது. நடுத்தர அளவுத் தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்துப் பத்து வருடம் தொந்தரவு செய்யாமல் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு என்ஜிசி 188-ஐவிட நல்ல விளம்பரம் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகங்களும் கொஞ்சம் மாறலாம். அவற்றில் நட்சத்திரம் தனியாகப் பிறந்து, தனியாக வாழ்ந்து, தனியாகச் சாகிறது. அக்கம்பக்கத்தோடு கொடுக்கல் வாங்கல் உண்டு என்று ஒரு வரிகூட இருப்பதில்லை.

திறந்த கொத்துகளில் இன்னும் இரண்டு ரசாயன சாட்சிகள் உண்டு. ஒன்று லித்தியம். இருபத்தைந்து லட்சம் டிகிரி வெப்பத்திலேயே அழிந்துபோகும் பூஞ்சைத் தனிமம். எம் 67 கொத்தின் ப்ளூ ஸ்ட்ராக்ளர்களில் லித்தியம் இல்லை என்று 1991-இல் தெரியவந்தது. இவை தாமதமாகப் பிறந்த நிஜ இளைஞர்கள் (போட்டோவில் நின்ற பேரன்!) என்றால் லித்தியம் மிஞ்சியிருக்க வேண்டும். பேரன் கதை அதோடு பலவீனமானது. ஆனால் குடித்தலா மோதலா என்று கேட்டால் லித்தியம் பதில் சொல்லாது, இரண்டிலும் அது அழிந்துவிடும்.

மற்றொன்று பேரியம். இதுதான் பலமான சாட்சி. சாதாரணமாக ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் பேரியம் தயாரிக்க முடியாது. வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ராட்சத நட்சத்திரங்களின் உள்ளேதான், நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விழுங்கி மெதுவாக அது உருவாகிறது. ஆகவே ஒரு ப்ளூ ஸ்ட்ராக்ளரின் முகத்தில் பேரியம் கூடுதலாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. யாரோ ஒரு கிழட்டு ராட்சதன் கொடுத்தது. கார்பன் குறைவு மாதிரி 'எங்கோ ஏதோ நடந்தது' என்று இழுக்காமல், கொடுத்தவன் எந்த வயதில் கொடுத்தான் என்பதுவரை சொல்லிவிடும்.

சுமார் 250 கோடி வயதான என்ஜிசி 6819 கொத்தில் மில்லிமன் குழு 12 ப்ளூ ஸ்ட்ராக்ளர்களை அளந்து 2015-இல் முடிவை வெளியிட்டது. ஐந்தில் பேரியம் தெளிவாக அதிகம். குடித்தவை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்து, வெள்ளைக் குள்ளத் துணையைத் தேட வேண்டியதுதான் பாக்கி. தேடினார்கள். நான்கில் துணை இருப்பதற்கான எந்த அசைவும் வேக அளவீட்டில் தெரியவில்லை. ஐந்தாவதற்குத் துணை இருக்கிறது, ஆனால் அதன் ஒளி தனியாகவே தெரிகிறது. அதாவது அது சக்கை இல்லை, உயிரோடு எரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரம். பேரியத்தைக் கொடுத்த ஆள் அது இல்லை.

சுற்றுப்பாதை மிகப் பெரிதாக இருந்தால் அசைவு அளவீட்டுக்குள் அகப்படாது. பாதை நமக்கு நேராகத் தட்டு போல விரிந்திருந்தாலும் அகப்படாது, ஆனால் நான்குக்கு நான்கும் அப்படி விரிந்திருப்பது நம்பும்படியாக இல்லை. மூன்றாவது நட்சத்திரம் ஒன்று குறுக்கே வந்து ஜோடியைப் பிரித்துப் போயிருக்கலாம், ஐந்தாவதன் விஷயத்தில் துணையையே மாற்றிவிட்டும் போயிருக்கலாம். அப்படியென்றால் குடித்தல் ஒரு பக்கம், மோதல் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்ததே சரிதானா என்ற கேள்வி வருகிறது. கையில் இருப்பது ஐந்து நட்சத்திரங்களின் முகத்தில் ஒட்டியிருக்கும் பேரியம் மட்டும். கொடுத்தவர்களைக் காணவில்லை.